முழுக்கைச் சட்டை மாப்பிள்ளை

நம் கடையின் விற்பனைக் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரும்படி முதலாளி கேட்டுக்கொண்டார். வாட்ச் கடையில் ஆயுளைக் கழித்தவன் காலத்தைப் பற்றி ஏதாவது தத்துவம் சொல்வான் என்று நினைத்திருப்பார். காலத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதைப் பற்றிக் கனமான புத்தகங்கள் சிலவற்றைப் படிக்க உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பாதியில் தூங்கிப்போய், விழித்துப் பார்த்தால் சாயங்காலம் ஆகியிருக்கும். காலம் ஓடுகிறது என்பதற்கு அந்தப் புத்தகங்களிலிருந்து எனக்குக் கிடைத்த நிரூபணம் அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்தது மணிக்கட்டு. உள்ளங்கை முடிந்து முழங்கை தொடங்கும் வரைக்குமான அந்தச் சின்ன இடத்தைப் பார்த்தே சோறு சாப்பிட்டவன் நான். மனிதர்களின் முகம் எனக்கு மறந்துவிடும். கடைவீதியில் யாராவது வணக்கம் சொன்னால் முதலில் கையைத்தான் பார்ப்பேன். இதனால் சொந்தக்காரர்களிடம் எனக்கு நல்ல பெயர் இல்லை.

பில் போடுவது, ஸ்டாக் ஏற்றுவது, பேட்டரி மாற்றுவது இதையெல்லாம் உங்களுக்கு வேறு ஆள் சொல்லித் தருவார். கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் எதுவும் சொல்லித் தராமல் இருப்பதே கடைக்குச் செய்யும் உதவி. நான் சொல்லப்போவது முகூர்த்த மாதங்களில் வருகிற கூட்டத்தைப் பற்றி. குறிப்பாக, கல்யாண வாட்ச் எடுக்க வருகிறவர்களைப் பற்றி.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கடையில் இந்தக் குளிர்ச்சி கிடையாது. மேலே ஒரு ஃபேன், அதுவும் முதலாளி பக்கம் திரும்பி நிற்கும். சாவி கொடுக்கிற வாட்ச்சின் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆனால் வாடிக்கையாளர்களுக்கு அது முடிந்த விஷயம் தெரியாது. பேட்டரி வாட்ச்சைக் கையில் கொடுத்தால் காதில் வைத்துப் பார்ப்பார்கள். "சத்தமே இல்லீங்களே, உசுரு இருக்குதுங்களா?" என்று கேட்ட பெரியவர் ஒருவர் இன்னும் என் காதில் இருக்கிறார். கல்யாணக் கூட்டம் வேனில் வந்து இறங்கும். பட்டு, நகை, பாத்திரம் எல்லாம் முடிந்து, காலில் தெம்பு தீர்ந்த பிறகுதான் வாட்ச் கடை. வாசலிலேயே இரண்டு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். எல்லோருக்கும் நன்னாரி சர்பத் வரும். அதைக் குடித்துவிட்டு, மாப்பிள்ளையைத் தவிர மற்ற எல்லோரும் மாப்பிள்ளைக்கு வாட்ச் தேர்ந்தெடுப்பார்கள். இன்றைக்கும் அந்த ஒன்று மட்டும் மாறவில்லை. சர்பத்தை நிறுத்திவிட்டார்கள்.

செல்போன் வந்தபோது எங்கள் தொழில் போய்விடும் என்றார்கள். நேரம் பார்க்க வாட்ச் வாங்குகிறவர்கள் போனது உண்மைதான். கல்யாணத்துக்கு வாங்குகிறவர்கள் போகவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். நம் பக்கத்தில் மாப்பிள்ளை வாட்ச்சை மாப்பிள்ளை கட்டிக்கொள்வதில்லை. பெண்ணின் கூடப்பிறந்தவன் மேடையில் ஏறி, மாப்பிள்ளையின் இடது கையைப் பிடித்துக் கட்டிவிட வேண்டும். வலது கையில் கங்கணம் இருக்கும். கூட்டம் பார்க்கும். போட்டோக்காரர் அந்த இடத்தில் எல்லோரையும் நிறுத்தி வைத்து லைட் அடிப்பார். செல்போனை யாரும் யாருக்கும் கட்டிவிட முடியாது. அதனால்தான் உங்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது.

என் கல்யாணத்தில் என் மச்சினன் கட்டிவிட்ட வாட்ச்சுக்குச் செயின் அளவு எடுக்கவில்லை. ஆல்பத்தில் நான் கையைத் தூக்கியிருக்கிற படங்களில் எல்லாம் அது முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கும்பிடுகிற படத்தில் காணவே இல்லை. கடையில் செயின் அளவெடுக்கும் மேஜை மீது எனக்கு வந்த பிரியத்துக்கு அதுதான் தொடக்கமாக இருக்க வேண்டும்.

எனக்குத் தொழில் பழக்கிய மூத்த விற்பனையாளர் ஒருவர் இருந்தார். முகத்தைப் பார்த்து வாட்ச் எடுத்து வைக்காதே, கையைப் பார்த்து வை என்பார். கையைப் பார்த்தால் ஆள் என்ன வேலை, எவ்வளவு வசதி, வாங்குவானா மாட்டானா எல்லாம் தெரியும் என்பது அவர் கட்சி. அவருடைய கணிப்பில் பாதி தப்பிவிடும். தப்பிய பாதியை அவர் யாரிடமும் சொல்வதில்லை. இரண்டையும் அவரிடம்தான் கற்றேன். ஆனால் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்து என்ன செய்வது என்று அவர் சொல்லித் தரவில்லை. அதை நான் ஒரு கணக்கு டீச்சரிடம் மாட்டிக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

சில வருடங்களுக்கு முந்தைய ஆவணி மாதம். கடை சேலத்திலேயே ஃபேர்லேண்ட்ஸ் பகுதிக்கு மாறிவிட்டிருந்தது. மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் செந்தில், பெண்ணின் அண்ணன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். கவுண்டருக்கு வந்ததும் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பின்னால் அவருடைய தங்கை கோகிலா. நாமகிரிப்பேட்டையில் வீடு, மஞ்சள் விவசாயம். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கடைசியில் மாப்பிள்ளை பூபதி, திருச்செங்கோட்டுப் பக்கம். ஒல்லியான, திடமான ஆள். அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பட்டன் இரண்டையும் மாட்டியிருந்தார்.

"ஏனுங்க, மாப்ளைக்கு வாட்ச் பாக்கோணும்," என்றார் செந்தில். "பாத்தா கல்யாண வாட்ச்சுனு தெரியோணும். அதுக்காகப் பந்தாவா இருக்கப்படாது."

இந்த இரண்டு கட்டளையையும் ஒரே வாட்ச் நிறைவேற்றி நான் பார்த்ததில்லை. இருந்தாலும் எடுத்து வைத்தேன்.

"இது பாடி ஸ்டீலுங்களா, தகரமுங்களா?"

"ஸ்டீல்தான். தட்டிப் பார்க்காதீங்க."

"நீங்க ஆத்தூர்ப் பக்கமுங்களா? பேச்சு வெடுக்குனு இருக்குது."

"ஆமா. கெங்கவல்லி."

"அதான பாத்தேன். 'ங்க' போடறதுக்கே கஞ்சத்தனம்."

கோகிலா சிரித்தார். பிறகு தட்டிலிருந்து மெலிசான ஒரு வாட்ச்சை எடுத்தார். தங்க நிறம், சின்ன டயல், மெல்லிய செயின். "இது நல்லாருக்குதுண்ணா. அடக்கமா இருக்குது."

மாப்பிள்ளை அதைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். நனைந்து நிற்கிறவனிடம் தலை துவட்டக் கைக்குட்டையை நீட்டினால் இப்படித்தான் பார்ப்பான்.

"கையை நீட்டுங்க மாப்ள, கட்டிப் பாக்கலாம்."

"வேண்டாமுங்க மச்சான். அளவ வாயிலயே சொல்லிர்றேன்."

"செருப்பு எடுக்கறப்பவும் வாயிலதான் சொன்னீங்களா?"

"கூச்சமா இருக்குதுங்க."

கல்யாண மாப்பிள்ளைக்குக் கூச்சம் இருக்கலாம். மணிக்கட்டில் கூச்சப்படுகிறவரை நான் பார்த்ததில்லை. "உள்ளே மேஜையில் வெச்சு அளவெடுத்துக்கலாம்," என்று அவரை மட்டும் தடுப்புக்குப் பின்னால் அழைத்தேன். போகிற வழியில் அவர் விளையாட்டு வாட்ச் வரிசையில் இருந்த ஒன்றைக் காட்டி, "அதையும் எடுத்துக்கங்க," என்று முணுமுணுத்தார். டயல் அப்பளம் அகலம். செயின் அதற்குத் தகுந்த அகலம்.

மேஜைக்கு வந்ததும் தடுப்புக்கு மேலே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு இடதுகைப் பட்டனைக் கழற்றினார்.

மணிக்கட்டைச் சுற்றி அகலமான ஒரு வெள்ளைத் தடம். வெள்ளை என்றால் அவர் பிறந்தபோது இருந்த நிறம். அதற்கு மேலும் கீழும் அடுப்பில் கிடந்த சட்டியின் நிறம். நடுவில் பழைய வாட்ச்சின் டயல் வட்டமாகப் பதிந்திருந்தது. அதன் ஓரத்தில் இருந்த திருகு கூட ஒரு சின்ன மொட்டுப்போலத் தெரிந்தது. வெயிலில் கருத்த முகம் சேலத்தில் யாருக்கும் சந்தேகம் தராது. நாங்கள் எல்லோரும் அந்த நிறம்தான். ஆனால் இப்படி அச்சுப்போட்ட மாதிரி ஒரு தடம் விழ வேண்டுமென்றால், நிழலே இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் நிற்க வேண்டும்.

"ரிக்கா தம்பி?" என்று கேட்டேன். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்கள் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போய், மாசக்கணக்கில் அங்கேயே இருந்துவிட்டு வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"டிரில்லருங்க. ஓட்டை போடற மெசினு எங் கையிலதான். எட்டு மாசம் மத்தியப் பிரதேசத்துல இருந்துட்டு வந்தேன்," என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அவிங்ககிட்ட ஆபீசுல இருக்கறேன்னு சொல்லியிருக்குதுங்க. பேசி முடிச்சது எங்க மாமா. ஊர்ல இருக்கற மாப்ளையா இருந்தாத்தான் கட்டிக்குவேன்னு பொண்ணு சொல்லிருச்சாம். மாமா அவரா எனக்கு ஒரு ஆபீசக் குடுத்துட்டாரு."

"நீங்க சொல்லலையா?"

"நிச்சயத்தன்னைக்குத்தான் எனக்கே தெரியுமுங்க. அப்புறம் போன்ல பேசறப்பெல்லாம் சொல்லிரலாம்னு பாப்பேன். அது அவிங்கப்பாவப் பத்திச் சொல்லும். லாரியில வடக்க போயிட்டே இருந்தவராம். அதக் கேட்டதுக்கப்புறம் வாய் வராதுங்க."

"இந்தத் தடத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றதா இருந்தீங்க?"

"ஒரு வாரமா மொட்டை மாடியில கைய வெயில்ல நீட்டிட்டு நிக்கறனுங்க. எதுத்த ஊட்டம்மா, பஸ்ஸ நிறுத்தறாப்பல நிக்கறியே சாமி, எந்த ஊருக்குன்னு கேக்குது."

"பலன் இருந்துதா?"

"சுத்தியும் இன்னும் கருத்துப் போச்சுங்க. வெள்ளை எடுப்பாத் தெரியுது."

பெரிய வாட்ச்சை எடுத்து அவர் கை மேல் வைத்துப் பார்த்தேன். தடம் முழுவதும் மறைந்தது. அவருக்கு உயிர் வந்தது. எனக்குள் இருக்கிற வியாபாரியும் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாடிக்கையாளர் கேட்கிறார், பொருள் இருக்கிறது, விலையும் அதிகம். அவனை அடக்கி வைத்தது என் நல்ல குணம் இல்லை. மேடை ஞாபகம் வந்தது.

"தம்பி, இது கட்டினதுக்கப்புறம் மறைக்கும். கட்டறதுக்கு முன்னாடி கை வெறுங்கையாத்தானே இருக்கணும்? கட்டிவிடறது யாரு?"

அவர் யோசித்தார். "மச்சானுங்க." இன்னும் கொஞ்சம் யோசித்தார். "போட்டோக்காரரு வேற அந்த எடத்துலதான் லைட்டடிப்பாருங்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் செந்தில் யாரிடமோ ஒரு சுவர்க் கடிகாரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். வாங்குகிற எண்ணமில்லாமல் பேரம் பேசுகிற குரல் எனக்குத் தெரியும்.

"அப்ப நானே சொல்லிர்றனுங்க," என்றார் பூபதி. "நீங்க அந்தச் சின்னதையே அளவு பண்ணுங்க. அது ஆசப்பட்டு எடுத்தது. கட்டிவிட ஆளு இருந்தாக் கட்டிக்கறேன். இல்லாட்டி உங்க கடையிலயே இருக்கட்டும்."

பெரியதை ஒதுக்கி வைத்துவிட்டுச் சின்ன வாட்ச்சின் செயினில் கண்ணிகளைக் கழற்றத் தொடங்கினேன். மேஜையில் விளக்கு இருந்தாலும் கண்ணிகளைக் கோத்திருக்கும் பின், மூக்குக்கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியாது. இரண்டு கண்ணி வந்துவிட்டது. மூன்றாவதில் பின் சிக்கிக்கொண்டது. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் வெளியே போய்ச் சொல்ல எழுந்து நின்றார். பட்டன் மாட்டவில்லை.

"சார், ஆச்சுங்களா? போலீசுக்காரங்க காரைத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு அண்ணன்…" என்றபடி கோகிலா உள்ளே வந்தார்.

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் கையை அவர் பார்த்த விதத்தை இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். பரீட்சைத் தாளில் விடையை முதலில் பார்த்துவிட்டு வழிமுறையைத் தேடுகிறவரின் பார்வை அது.

"எத்தன மாசமுங்க?"

"எட்டுங்க."

"ஆபீசுன்னாங்க."

"ஆபீசு இருக்குதுங்க. சம்பளம் வாங்கப் போவேன்."

பூபதி கேலியாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லத் தொடங்கியவர் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்கப்புறம்?"

"போகோணுமுங்க. முதலாளிகிட்ட ஆபீசு வேலை கேட்டிருக்கறேன். பாக்கலாம்னாரு. அவரு பாக்கலாம்னா இல்லைனு அர்த்தம். அத உங்ககிட்ட வேற மாதிரி சொல்ல மாட்டேன்."

"இப்பச் சொல்றீங்க. நான் வந்து பாத்ததுக்கப்புறம்."

"சொல்லத்தானுங்க எந்திரிச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் எந்திரிப்பாங்க."

பூபதி சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டார். "நீங்க போயி அண்ணன்கிட்ட நில்லுங்க. ஒண்ணும் பேச வேண்டாம்," என்றார் கோகிலா. கடைசி பெஞ்ச்சில் இருப்பவனை வெளியே அனுப்புகிற குரல். அவர் பட்டனை மாட்டிக்கொண்டு போனார்.

செந்தில் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார். "கண்ணு, ஆச்சா இல்லியா?"

இங்கே கவனியுங்கள். இந்த மாதிரி நேரத்தில் வியாபாரத்தைச் சீக்கிரம் முடிக்கக் கூடாது. மாதக் கடைசி, இலக்கு, மேனேஜரின் பார்வை எதுவும் முக்கியமில்லை. வருகிறவர்களுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருக்கிறது, நீங்கள் அதை எங்கிருந்தாவது எடுத்துக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு மூன்றாவது பின் உண்மையிலேயே சிக்கியிருந்தது. பொய் சொல்லும் சிரமத்தை அது எனக்கு வைக்கவில்லை.

"பின் ஒண்ணு சிக்கிக்கிச்சு சார். நீங்க காரைத் தள்ளி நிறுத்திட்டு, மாப்பிள்ளையோட ஒரு டீ சாப்பிட்டு வந்துருங்க."

"ஒரு பின்னுக்கு இத்தன நேரமுங்களா? நாங்க இந்நேரத்துக்கு லாரிக்குக் கதவே மாட்டியிருப்போம்."

"லாரிக் கதவு கண்ணுக்குத் தெரியும் சார்."

சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டு அழைத்துக்கொண்டு போனார். அந்தத் தோள் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

கோகிலா மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். "சார், நான் வர்றதுக்கு முன்னாடி அவரு உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

கல்யாணம் நடப்பதும் நிற்பதும் என் வாய்க்கு வந்து சேர்ந்திருந்தது. மாப்பிள்ளை தானாகச் சொல்ல நினைத்தாரா, மாட்டிக்கொண்டதால் சொன்னாரா? அதைப் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். நல்லதை மட்டும் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் எதிரே இருப்பவர் விடைத்தாள் திருத்துகிறவர். பாதியைச் சொன்னால் மீதி எங்கே என்பார்.

"முதல்ல தடத்தை மறைக்கிற மாதிரி பெரிய வாட்ச் கேட்டார்," என்றேன். "மேடையில மறைக்க முடியாதுன்னு தெரிஞ்சுது. அப்புறம் நானே சொல்லிடறேன், இந்தச் சின்னதையே அளவு பண்ணுங்கன்னார்."

அவர் என்னையே பார்த்தார். "நீங்க வாட்ச் விக்கறவரு. வேற எப்படிச் சொல்லுவீங்க?"

அவரைக் குறை சொல்ல முடியாது. உங்க கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு என்று நான் சொல்லாத கை சேலம் ஜில்லாவில் குறைவு. வண்டிச் சக்கரம் மாதிரி இருந்த கைகளுக்கும் சொல்லியிருக்கிறேன், வெண்டைக்காய் மாதிரி இருந்த கைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். அத்தனை வருடமும் வாயால் விற்றவனுக்கு, வாயால் சாட்சி சொல்ல வேண்டிய நாளில் அந்த வாய்க்கு மதிப்பில்லை. நீங்களும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பீர்கள். சத்தியம் செய்யாதீர்கள். குழந்தைகள் மீது ஆணையிடாதீர்கள். பேச்சைக் கூட்டினால் விற்பது மாதிரியே இருக்கும்.

"என் பேச்சை விடுங்கம்மா," என்றேன். "தட்டைப் பாருங்க."

வெல்வெட் தட்டில் அவர் எடுத்த சின்ன வாட்ச் செயின் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் கழற்றிய இரண்டு கண்ணிகள். மூன்றாவதில் பின் பாதி வெளியே வந்து நின்றது. கொஞ்சம் தள்ளிப் பெரிய வாட்ச், மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளும் தொங்குகிற விலைச்சீட்டும் அப்படியே இருந்தன.

அவர் குனிந்து பார்த்தார். "ஒரு கண்ணி கழட்ட எவ்வளவு நேரமாகும்?"

"கண்ணு நல்லா இருக்கிறவங்களுக்கு ஒரு நிமிஷம். எனக்கு அஞ்சு."

"நான் உள்ள வந்தப்ப ரெண்டும் கழட்டியாச்சு."

"ஆமா."

"இது அந்தத் தடத்த மறைக்காது."

"பாதி கூட மறைக்காது."

அவர் கண்ணிகள் இரண்டையும் விரலால் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நகர்த்தி வைத்தார். "சரி. சொல்லத்தான் எந்திரிச்சிருக்கறாரு," என்றார். எனக்கு மூச்சு வந்தது. உடனே அவர், "ஆனா ஊர்ல இருக்க மாட்டாருங்கறது அப்படியேதான சார் இருக்குது?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. படித்தவன் வேறு; நாலைந்து பதில்கள் வரிசையில் நின்றன. நான் வாயைத் திறக்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் பேசாமல் இருந்த நல்ல நிமிடங்கள் குறைவு. அது அவற்றில் ஒன்று.

இருவரும் டீ குடித்துவிட்டு வந்தார்கள். கோகிலா எழுந்து போய், அண்ணனிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சுவர்க் கடிகாரங்களுக்குக் கீழே நின்றுதான் சொன்னார். நான் கண்ணிகளைத் துடைப்பதுபோல் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். அவ்வளவு நேரம் கூட இருந்துவிட்டு அந்தக் கட்டத்தில் விலகிப் போகும் அளவுக்கு எனக்கு நாகரிகம் போதாது.

செந்தில் கத்தவில்லை. முகம் மட்டும் இறுகிவிட்டது. "ஏனுங்க மாப்ள, ஆபீசுல ஏசி இருக்குதான்னு கேட்டனே, நிச்சயத்தன்னைக்கு. இருக்குதுன்னீங்களே."

"இருக்குதுங்க மச்சான். ஆபீசுல இருக்குது."

"கெளம்பு கண்ணு. வாட்சும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"இருண்ணா. நான் ஒண்ணு கேக்கோணும்." கோகிலா பூபதி பக்கம் திரும்பினார். "எங்கப்பா வடக்க போனாருன்னா எப்ப வருவீங்கன்னு அம்மா போன்ல கேக்கும். அடுத்த வாரம்னுவாரு. எப்பக் கேட்டாலும் அடுத்த வாரம்தான். நானும் அண்ணனும் அத நம்பி வாசல்லயே உக்காந்திருப்போம். அவரு போனதுகூட எனக்குப் பெருசில்லைங்க. நீங்க எப்ப வருவேன்னு சொல்லுவீங்க?"

பூபதி தரையைப் பார்த்துச் சொல்லவில்லை. "தெரிஞ்சா சொல்லுவனுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுவேன். தண்ணி எத்தன அடியில வரும்னு எங்களுக்கே தெரியாதுங்க. உங்க மனசுக்கு நல்லா இருக்கட்டும்னு ஒரு நாளும் அடுத்த வாரம்னு சொல்ல மாட்டேன்."

"தெரியலைன்னு சொன்னா நான் கோவிச்சுக்குவேன்."

"கோவிச்சுக்கங்க."

கோகிலா சிரிக்கவில்லை. ஆனால் என் பக்கம் திரும்பினார். "சார், அந்த மூணாவது கண்ணியையும் கழட்டிருங்க."

"கண்ணு," என்றார் செந்தில்.

"நாந்தானண்ணா கட்டிக்கப் போறேன்."

"வாட்ச்சு கட்டறது நானு." பூபதியைப் பார்க்காமலே சொன்னார். "எங்க சனத்துகிட்டப் பூரா ஆபீசுன்னு சொல்லி வெச்சிருக்கறேன். ரிக்கு ஆபீசு மேனேஜருன்னு பத்திரிகை வெக்கற ஊட்டுலயெல்லாம் சொல்லியாச்சு. அத்தன பேரு முன்னாடி இந்தக் கையப் புடிச்சுக் கட்டோணும். எனக்கு மனசு ஆவலை."

பில்லுக்குப் பணம் கட்டினார். டப்பாவைத் தங்கையின் கையில் கொடுத்தார். காரில் ஏறும்போது மாப்பிள்ளைக்கு முன் கதவைத் திறந்துவிடவில்லை. வரும்போது திறந்துவிட்டிருந்தார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது பாடம் என்ன என்று இளைஞர்கள் கேட்பார்கள். கையைப் பார்த்ததும் ரிக் என்று கண்டுபிடித்ததில் ஒன்றுமில்லை. அதைத் திருச்செங்கோட்டில் டீக்கடைக்காரரும் கண்டுபிடிப்பார். தெரிந்ததைக் கவுண்டருக்குக் கொண்டுபோகாமல் மேஜையிலேயே வைத்துக்கொண்டேன், கேட்டபோது குறைக்காமல் சொன்னேன். பாடம் என்று வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி அன்றைக்கு உண்மையான வேலை செய்தது அந்தச் சிக்கிய பின்தான்.

கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. கோகிலாவே போன் செய்து கூப்பிட்டார். சாப்பாட்டுக்காகத்தான் போனேன் என்று வீட்டில் சொன்னேன். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்து மண்டபம். மூன்றாவது வரிசையில், ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்தேன். மேடை நன்றாகத் தெரிந்தது.

தாலி கட்டி முடிந்து, சீர் எல்லாம் நடந்து, வாட்ச் கட்டுகிற கட்டம் வந்தது. செந்தில் பட்டு வேட்டியில் மேடையேறினார். முகத்தில் எதுவும் இல்லை. மாப்பிள்ளை பட்டுச் சட்டையிலும் முழுக்கை. செந்தில் அவருடைய இடது கையைப் பிடித்து, பட்டனைக் கழற்றி, துணியை ஒரு மடிப்பு மடித்தார். மாடி வெயிலுக்கும் அசையாத தடம் லைட் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. கோகிலா கையைப் பார்க்கவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையை எடுத்தார். "அண்ணா, சட்டைக் கையக் கொஞ்சம் கீழ எறக்குங்க. வெள்ளையா அடிக்குது."

செந்தில் அசையவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், அவருக்குப் பெரியப்பா முறை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "மாப்ள கையில என்ன சாமி அது? தீக்காயமா?"

மேளக்காரர்கள் நிறுத்தியிருந்த நேரம். எல்லோருக்கும் கேட்டது. பூபதியின் கழுத்தில் வியர்வை இறங்குவது மூன்றாவது வரிசைக்குத் தெரிந்தது.

"தீக்காயமில்லைங்க பெரியப்பா," என்றார் செந்தில். பட்டறையில் பேசுகிற குரல். மண்டபத்துக்கு அது போதும். "வெயில்ல நின்ன தடம். எங்க மாப்ள ரிக்குல டிரில்லரு."

பெரியவர் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொன்னார். செந்தில் அந்தச் சட்டைக் கையை இன்னொரு மடிப்பு மேலே ஏற்றினார். வெள்ளைத் தடத்துக்கு நடுவில் வாட்ச்சை வைத்துக் கொக்கியை மாட்டினார். மாட்டிய பிறகும் கையை விடவில்லை.

"இப்ப எடுங்க தம்பி," என்றார் போட்டோக்காரரைப் பார்த்து.